நான்கு பள்ளிகள், ஒரு பெட்டி

ஞாயிறு, இரவு

பெட்டியைக் கட்டி வைத்தாயிற்று. நாளைக் காலை கிளம்பினால் வீடு திரும்ப வெள்ளி இரவு ஆகிவிடும். நான்கு அரசுப் பள்ளிகளுக்கும் சேர்த்து உளவியலாளர் என்று இருப்பது நான் ஒருத்திதான். நான்கையும் கூட்டினால் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கு மேல். அமெரிக்காவில் பள்ளி உளவியலாளர்களுக்கென்று இருக்கும் தேசியச் சங்கம் 500 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. அந்த நாட்டிலேயே பல இடங்களில் ஒருவர் தலையில் ஆயிரம் பேருக்கு மேல் விழுகிறது. ஆக இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பஸ்ஸும் ரயிலும் பாதி அலுவலகம்.

இந்த வாரத்தை நாள்தோறும் எழுதிப் போடப்போகிறேன். "ஸ்கூல்ல சைக்காலஜிஸ்டா, அங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை, அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லவும் எனக்கு வரவில்லை. பிள்ளைகளின் பெயரோ அடையாளமோ இதில் இருக்காது. விவரங்கள் சிலவற்றை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை: சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள், சோதனைப் புத்தகங்கள், ஸ்டாப்வாட்ச், நிறைய வெற்றுத்தாள், கலர் பென்சில். இவற்றில் அதிகம் செலவாவது வெற்றுத்தாள்தான்.

முதல் நாள், திங்கள்

இரண்டு மணி நேரப் பஸ். முதல் பள்ளி நான்கிலும் பெரியது, அதனால் அதற்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள். உள்ளே நுழைந்ததுமே தலைமை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். சோம்பேறி. முரடு. மந்தம். கவனமில்லை. பேசாது. "இவங்களை எல்லாம் டெஸ்ட் பண்ணிடுங்க மேடம்" என்றார். அவர் நல்ல மனிதர், அக்கறையில்தான் அந்தத் தாளைத் தயாரித்திருக்கிறார். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது பதினொரு முடிவுகள். எனக்கு வேண்டியது கேள்வி. எந்தப் பாடவேளையில் முரடு? அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது? அவன் அப்படிச் செய்ததும் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? முன்னால், நடந்தது, பின்னால் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிப் பார்ப்பது எங்கள் தொழிலின் பழைய முறை. அலுக்காமல் செய்தால் சோதனைப் பெட்டி சொல்லாததை அது சொல்லிவிடும்.

அதனால் 'முரடு' என்று எழுதப்பட்டிருந்த ஒன்பது வயதுப் பையனின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வாசிப்பு வகுப்பு. வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து ஒரு பத்தி படிக்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் அவன் அசையவே இல்லை, விரலால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். நானும் எண்ணிப் பார்த்தேன். தனக்கு முன்னால் எத்தனை பேர், தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். இன்னும் மூன்று பேர் என்றபோது காலை ஆட்ட ஆரம்பித்தான். இரண்டு பேர் என்றபோது பக்கத்துப் பையனின் நோட்டைப் பிடுங்கிக் கிழித்தான். ஆசிரியை "வெளியே போ" என்றார், போனான். கதவைத் தாண்டியதும் அவன் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். தண்டனை என்று நாம் கொடுத்தது அவனுக்கு விடுதலை. ஒவ்வொரு முறையும் அது கிடைக்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் கிழிக்கிறான்.

மதியம் தனியாக உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு வகுப்புக்குக் கீழுள்ள புத்தகத்தைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிறான். கேட்டால் கதை முழுவதும் சொல்கிறான், புத்தியில் ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணும் காதும் பரிசோதித்தாயிற்றா என்று கேட்டேன். இல்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தன் உளவியல் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவரிடம் முதலில் வந்ததும் இப்படி ஒரு பையன்தான். பதினான்கு வயது, எழுத்துப்பிழை விடாமல் எழுதத் தெரியாது, அழைத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவனுக்குக் கண்ணையும் சோதித்தார்கள், கோளாறு இருந்தது. நான் செய்யும் வேலையின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு டீச்சருக்கு வந்த சந்தேகத்தில் பிறந்த தொழில் இது, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

ஆசிரியையிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். நாளைக்கு அவன் படிக்க வேண்டிய பத்தியை இன்றே அவனிடம் காட்டிவிடுங்கள், அதுவும் நான்கே வரி. தயங்கினார், ஒருவனுக்கு மட்டும் சலுகையா என்றார். கண்ணாடி போட்டவனுக்குக் கண்ணாடி சலுகையா என்று கேட்டேன். சரி, வெள்ளி வரை பார்க்கலாம் என்றார்.

'பேசாது' என்று எழுதியிருந்த பிள்ளைக்கு ஏழு வயது. பள்ளியில் சேர்ந்து ஒன்றரை வருஷம், ஒரு சொல் பேசியதில்லை. பிடிவாதம், திமிர் என்று ஆசிரியர்கள் அறையில் பேச்சு. அவளுடைய அம்மா போனில் ஒரு வீடியோ காட்டினார். வீட்டில் அந்தப் பெண் பாடுகிறாள், தம்பியை மிரட்டுகிறாள், நிறுத்தாமல் பேசுகிறாள். ஒரு இடத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு இன்னொரு இடத்தில் குரலே எழாமல் போவது பதற்றத்தின் ஒரு வடிவம். ஒரு காலத்தில் இதற்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர் பிள்ளை வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிறது என்பது போலத் தொனிக்கும். 1994-ல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் அந்தப் பெயரை மாற்றினார்கள். பேச மறுக்கவில்லை, பேச முடியவில்லை. ஆசிரியர்கள் அறையில் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று மூன்று முறை சொன்னேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் படம் வரைந்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் என் வீட்டுப் படத்துக்கு அவள் ஒரு ஜன்னல் போட்டாள்.

இரண்டாம் நாள், செவ்வாய்

ரயில், அப்புறம் அரை மணி நேர நடை. சக்கரம் வைத்த பெட்டி மண் பாதையில் உருளாது, தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

இன்று நாள் முழுக்கச் சோதனை. பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு உடனிருந்து படிக்க உதவும் ஆசிரியர் வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு அறிக்கை கேட்டிருக்கிறார்கள். நாங்கள் உட்காருவதற்குக் கிடைத்தது விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறை. நான்கு முறை கதவு திறந்தது, பந்து எடுக்க வந்தார்கள். நினைவாற்றல் பகுதி ஒன்றின் நடுவில் கதவு திறந்தால் அந்தப் பகுதியையே நம்ப முடியாது. அதையும் அறிக்கையில் எழுதினேன்.

முடித்ததும் வந்த முதல் கேள்வி, "எத்தனை வந்துச்சு?" எண் எல்லாருக்கும் வேண்டும். இந்தச் சோதனைகளில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் வேறு வேறு திறமைகள் அமுங்கிக் கிடக்கின்றன. இந்தப் பையன் கட்டைகளை அடுக்குவதில் தன் வயதுப் பிள்ளைகளைத் தாண்டிப் போகிறான், காதால் கேட்டதை நினைவில் வைத்திருப்பதில் ரொம்பப் பின்தங்குகிறான். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் வருவது அவன் இல்லை. வீட்டில் பேசும் மொழி வேறு, பள்ளி மொழி வேறு, சோதனை பள்ளி மொழியில். சொல் தெரியாததும் சிந்திக்கத் தெரியாததும் ஒன்றல்ல.

பிரான்சில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-ல் முதல் நுண்ணறிவு அளவுகோலை உருவாக்கியது, வகுப்பில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. அறிவு என்பது கூடாமல் குறையாமல் அப்படியே நிற்கும் பொருள் என்று பேசியவர்களைப் பினேயே எதிர்த்தார். இருந்தும் அந்த அளவுகோலின் பேரன் பேத்திகளை வைத்துப் பிள்ளைகளைத் தள்ளி வைத்த கதை நீண்டது. கலிஃபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணை வைத்து மந்தபுத்தி வகுப்புகளுக்கு அனுப்பியது வழக்காகி, 1979-ல் நீதிமன்றம் அது கூடாது என்று தீர்ப்பளித்தது. ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு உளவியலாளரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பையனின் அப்பா வாசலிலேயே நின்றார், உட்காரவில்லை. "என் பையனுக்குப் புத்தி சரியில்லைன்னு எழுதப்போறீங்களாம்மா?" என்றார். எண்ணைச் சொல்லவில்லை. கட்டைகளை எடுத்துக் காட்டினேன். உங்கள் மகன் இந்த வடிவத்தை இவ்வளவு நேரத்தில் செய்தான், நீங்கள் செய்து பாருங்கள் என்றேன். அவர் முயன்றார், நேரம் ஆனது, மகனைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூன்று கட்டளைகளை ஒன்றாகச் சொன்னால் அவனுக்குத் தங்காது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள் என்பதை அதற்கு மேல்தான் பேச முடிந்தது.

கிளம்பும் நேரத்தில் இன்னொன்று. நேற்று நடந்த அடிதடி ஒன்றில் யார் முதலில் கை வைத்தது என்று பையன்களிடம் 'பேசி வாங்கித்' தரச் சொன்னார்கள். முடியாது என்றேன். ஒருமுறை நான் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்துவிட்டால் இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் என் கதவைத் தட்டாது.

மூன்றாம் நாள், புதன்

மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது, அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். பள்ளி சேரும்போது பாதி நாள் போயிருந்தது. ஆசிரியர்களோடு வைத்திருந்த கூட்டத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு, இருந்த நேரத்தை ஒரே ஒருத்திக்குக் கொடுத்தேன்.

பதினைந்து வயது. வந்து உட்கார்ந்ததும், "நான் சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே மிஸ்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் பேசிவிடுவாள், ஆனால் அது பொய்யாகிவிடலாம். அதனால் எப்போதும் போல முதலிலேயே சொன்னேன். நீ சொல்வது நம் இருவருக்குள் இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் நான் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதுவும் உனக்குச் சொல்லாமல் செய்ய மாட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

தூக்கம் இல்லை, தோழிகளிடம் பேச்சு இல்லை, காலையில் எழுந்திருக்காமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது என்றாள். செத்துப்போகணும்னு நினைக்கிறியா என்று நேரடியாகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடுவோம் என்று பல ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது. ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். எப்போதிருந்து, எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாளா, கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்றதும் அழுதாள். எதை நான் சொல்வது, எதை அவளே சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். அம்மா வரும் வரை அவளைத் தனியே விடவில்லை. மனநல மருத்துவருக்குக் கடிதம், வீட்டில் எவற்றையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும், இரவில் மனசு கனத்தால் யாரை முதலில் கூப்பிடுவது, எல்லாம் அந்த அறையிலேயே முடிவானது. மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. இன்று இரவுக்கும் மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கும் இடையில் அவள் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு வகுப்பறையை மனதில் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டார்கள், ஆனால் பள்ளிக்குத் தினமும் வருகிறார்கள்.

நான்காம் நாள், வியாழன்

நேற்று இரவு பத்து மணிக்குப் போன். இன்று நான் போகவேண்டிய பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்துவிட்டான். நெடுநாளாக உடம்பு சரியில்லாமல் இருந்தவன். முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்குப் பள்ளியில் இருந்தேன்.

முதலில் ஆசிரியர்கள். பிள்ளைகளுக்கு முன் அவர்களுக்கு அழ நேரம் வேண்டும். பிறகு எல்லாரும் ஒரே விதமாகச் சொல்வதற்காக நான்கு வரி எழுதினோம். 'தூங்கிவிட்டான்', 'நம்மை விட்டுப் போய்விட்டான்' என்பதெல்லாம் வேண்டாம், 'இறந்துவிட்டான்' என்றே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சுற்றி வளைத்த சொல் சின்னப் பிள்ளைகளைக் குழப்பும், தூங்கவே பயப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காலை வணக்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் வேண்டாம் என்றேன். வகுப்பாசிரியர்தான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பிள்ளைகளுக்கு என் முகம் தெரியாது, அவர் முகம் தெரியும்.

அவர் சொன்னார். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். பின்னால் நின்ற ஒருவர் அவனை அதட்டப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அதிர்ச்சி சிலருக்குச் சிரிப்பாகத்தான் வெளியே வரும். ஒரு நிமிஷத்தில் அவனே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

காலி இடத்தை என்ன செய்வது? நாற்காலியை எடுத்துவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன், வகுப்பே சொல்லட்டும். பிள்ளைகள் பேசி முடிவெடுத்தார்கள். இந்த வாரம் அது அங்கேயே இருக்கும், திங்கள்கிழமை அவன் நண்பன் அதில் உட்காருவான்.

யாரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று வகுப்பாசிரியர் நெருங்கிய நண்பர்களின் பெயர்களைக் கொடுத்தார். இன்னும் இரண்டு வகைப் பெயர்கள் கேட்டேன். சமீபத்தில் தன் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள், அவனோடு சண்டை போட்டவர்கள். அந்த மூன்றாவது பட்டியலில் இருந்தது ஒரே பெயர். போன மாதம் கிரிக்கெட் தகராறில் "செத்துப் போடா" என்று கத்தியவன். காலையிலிருந்து அழவில்லை, யாரோடும் பேசவில்லை. தான் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று பதிமூன்று வயதில் ஒருவன் ஒன்றரை மணி நேரமாகச் சுமந்துகொண்டிருந்தான். அவனோடு நெடுநேரம் இருந்தேன். நோய் என்ன, அது எப்போது தொடங்கியது, சொல் ஒன்று உடம்பை என்ன செய்யும் என்ன செய்யாது என்று மறைக்காமல் பேசினேன். நம்பினானா தெரியாது. அடுத்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும் அவனைப் பார்ப்பேன்.

மூன்றாவது பாடவேளையிலிருந்து வழக்கமான வகுப்புகள் நடந்தன. கல்நெஞ்சம் என்று சிலருக்குத் தோன்றலாம். மணி அடிப்பதும் கணக்கு நோட்டைத் திறப்பதும் அந்த நாளில் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி.

இன்று சோதனைப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி

மறுபடியும் முதல் பள்ளி.

நோட்டுக் கிழிக்கும் பையன்: செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான்கு வரி படித்திருக்கிறான். வியாழக்கிழமை வேறொரு ஆசிரியர் வந்தார், அவருக்கு விஷயம் தெரியாது, பழைய கதையே நடந்தது. எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. எது மாறினால் அவன் மாறுகிறான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். வாசிப்புக்குத் தினம் இருபது நிமிஷம் தனி உதவி கொடுக்க அந்த ஆசிரியையே முன்வந்தார். கண் பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறான்.

தலைமை ஆசிரியர் பன்னிரண்டாவதாக ஒரு பெயர் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். பெயருக்கு எதிரே, "கணக்குப் பாடத்தில் மட்டும், கரும்பலகைக்குக் கூப்பிட்டால்" என்று இருந்தது. அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

ஏழு வயதுப் பெண்ணின் அம்மாவைப் பள்ளி விட்டதும் வரச் சொல்லியிருந்தேன். காலி வகுப்பறை, அம்மாவும் மகளும் மட்டும், கதவு சாத்தியிருக்கிறது. இருவரும் ஒன்று இரண்டு எண்ணி விளையாட வேண்டும், அவ்வளவுதான். பேச வைக்க முயலக் கூடாது, பேசிவிட்டால் கை தட்டவும் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வராந்தாவின் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குரல் கேட்டது, தெளிவான, கொஞ்சம் அதட்டலான குரல், அம்மா தப்பாக எண்ணிவிட்டார் போல.

நாற்காலியைப் பாதி வராந்தாவுக்கு நகர்த்தினேன். குரல் தொடர்ந்தது. கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டேன், கதவை ஒரு சாண் திறந்தேன். நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு என் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து, 'பதினாலு' என்று முணுமுணுப்பாக வந்தது. பதினைந்து அம்மா சொன்னார். பதினாறு அவள்.

அதோடு நிறுத்திக்கொண்டோம். திங்கள்கிழமை நாற்காலி அதே இடத்தில், கதவு இரண்டு சாண்.